நடுக்கடலில் ஓடிக்கொண்டே எரிபொருள் நிரப்பும் கப்பல்கள்: ஸ்டீயரிங்கை கம்ப்யூட்டரிடம் கொடுக்கலாமா?

2024 செப்டம்பர் மாதம். காஸா போர், ஹவுதி தாக்குதல் என்று மேற்கு ஆசியா முழுக்கப் பதற்றம். அமெரிக்காவின் 'ஆபிரகாம் லிங்கன்' விமானம் தாங்கிக் கப்பல், தன் பாதுகாப்புக் கப்பல்களோடு அந்தக் கடலில் நின்றிருந்தது. அப்போது ஓமன் கடற்கரைக்கு அப்பால் 'பிக் ஹார்ன்' என்ற கப்பல் தரைதட்டி, அதற்குள் தண்ணீர் புகுந்தது.

பிக் ஹார்ன் போர்க்கப்பல் கிடையாது. எரிபொருள் சுமக்கும் கப்பல். ஆனால் அது முடங்கியதும் உலகம் முழுக்கப் பாதுகாப்பு வட்டாரங்களில் அதுதான் பேச்சு. காரணம், அந்த நேரத்தில் அந்தப் பகுதியில் அமெரிக்கக் கடற்படைக்கு இருந்த ஒரே எரிபொருள் கப்பல் அதுதான் என்று செய்திகள் வந்தன.

லிங்கன் அணுசக்தியில் ஓடுகிறது, அதற்கு டீசல் தேவையில்லை. ஆனால் அதன் மேல்தளத்தில் நிற்கும் போர் விமானங்களுக்கு எரிபொருள் வேண்டும். கூடவே காவலுக்கு வரும் கப்பல்களுக்கும் வேண்டும். கோடிக்கணக்கான டாலர் மதிப்புள்ள ஒரு படையின் குடுமி, ஒரு எண்ணெய்க் கப்பலின் கையில் இருந்தது.

இந்தச் சம்பவத்தைப் படித்த பலருக்கும் எழுந்த கேள்வி ஒன்று உண்டு. நடுக்கடலில் ஒரு கப்பலில் இருந்து இன்னொரு கப்பலுக்கு எப்படி எரிபொருள் போகிறது? அதற்கு அடுத்த கேள்வி இன்னும் சுவாரஸ்யமானது. விமானத்தையே கம்ப்யூட்டர் ஓட்டும் காலத்தில், இந்த வேலையின்போது மட்டும் ஏன் இன்னும் மனிதர்தான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்?

துறைமுகத்துக்குப் போய் நிரப்பினால் என்ன?

போகலாம். ஆனால் போய் வர நாட்கள் ஆகும். அத்தனை நாளும் அந்தக் கப்பல் காவலில் இருக்காது. பக்கத்தில் இருக்கும் நாடு துறைமுகத்தைத் திறந்துவிட வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. துறைமுகத்தில் கட்டிப்போட்ட கப்பல் எதிரிக்குச் சுலபமான இலக்கும்கூட.

அதனால்தான் கடற்படைகள் பெட்ரோல் பங்கையே கூடவே ஓட்டிக்கொண்டு போகப் பழகின. அமெரிக்காவின் 'மௌமி' என்ற எண்ணெய்க் கப்பல் 1917-ல், முதல் உலகப் போரின்போது, அட்லாண்டிக் நடுவில் நாசகாரிக் கப்பல்களுக்கு எரிபொருள் கொடுத்தது. அந்தக் கப்பலில் இதற்கான ஏற்பாடுகளைச் செய்தவர்களில் ஒருவர் செஸ்டர் நிமிட்ஸ். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பசிபிக் கடற்படைக்குத் தளபதியாக இருந்தவர் அவரேதான். பசிபிக் போரில் அமெரிக்கக் கப்பல்களால் மாதக்கணக்கில் கரையைத் தொடாமல் சண்டை போட முடிந்ததற்கு இந்த முறை ஒரு முக்கியக் காரணம்.

எப்படி நடக்கிறது?

பைக்கில் பெட்ரோல் தீர்ந்துபோனால் நண்பர் இன்னொரு பைக்கில் வந்து, காலை நீட்டி நம் பைக்கைத் தள்ளிக்கொண்டே வருவார் இல்லையா? இரண்டு பேரும் ஒரே வேகத்தில், ஒரே இடைவெளியில் போக வேண்டும். யாராவது ஒருவர் ஹேண்டில்பாரைக் கொஞ்சம் திருப்பினாலும் இரண்டு பேரும் ரோட்டில். கப்பல்கள் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். எடை மட்டும் பல ஆயிரம் டன்.

முதலில், எரிபொருள் கொடுக்கும் கப்பல் ஒரு திசையையும் ஒரு வேகத்தையும் பிடித்துக்கொள்ளும். வேகம் பெரும்பாலும் 12 நாட் முதல் 16 நாட் வரை. 12 நாட் என்றால் மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர். அதன் பிறகு அந்தக் கப்பல் திரும்பாது, வேகத்தை மாற்றாது. நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்கும்.

வாங்கும் கப்பல் பின்னாலிருந்து கொஞ்சம் கூடுதல் வேகத்தில் வந்து, பக்கவாட்டில் சேரும்போது வேகத்தைக் குறைத்து இணையாக ஓடத் தொடங்கும். இடைவெளி பொதுவாக 30 முதல் 60 மீட்டர். 50 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், இரண்டரை கிரிக்கெட் பிட்ச் நீளம். இடைவெளியைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு முழுக்க வாங்கும் கப்பலுடையது.

அடுத்து, துப்பாக்கி போன்ற ஒரு கருவியால் மெல்லிய கயிற்றை எதிர்க் கப்பலுக்குச் சுடுவார்கள். அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்தால் அதைவிடத் தடித்த கயிறு வரும். அதைத் தொடர்ந்து இரும்பு வடம். அந்த வடத்தில் தொங்கியபடி எரிபொருள் குழாய் வந்து சேரும். இரண்டு கப்பலுக்கும் நடுவே இன்னொரு கயிறும் கட்டியிருப்பார்கள். அதில் வரிசையாகச் சின்னச் சின்னக் கொடிகள். எந்தக் கொடி எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே இடைவெளி எவ்வளவு என்று தெரிந்துவிடும். பார்க்கப் பழைய காலத்து ஏற்பாடு மாதிரி தெரியும். ஆனால் இன்றும் இதைத்தான் நம்புகிறார்கள். மின்சாரம் போனாலும் கயிறு பொய் சொல்லாது.

எரிபொருள் பாயும்போது சிவப்புக் கொடி ஏறும். 'ஆபத்தான பொருள் கைமாறுகிறது' என்று அர்த்தம். வாங்கும் கப்பலின் அளவைப் பொறுத்து இந்த வேலை மணிக்கணக்கில் நீளும். பல நேரங்களில் ஒரு பக்கம் ஒரு கப்பல், மறுபக்கம் இன்னொரு கப்பல் என்று மூன்று கப்பல்கள் சேர்ந்து ஓடும்.

நின்றுகொண்டே கொடுக்கக் கூடாதா?

நியாயமான கேள்வி. ஆனால் நின்ற கப்பல் கடலில் நிற்காது. காற்றும் அலையும் அதை இஷ்டத்துக்குத் தள்ளும். கப்பலைத் திருப்புவது பின்னால் தண்ணீருக்குள் இருக்கும் சுக்கான். அதன் மீது தண்ணீர் வேகமாகப் பாய்ந்தால்தான் கப்பல் திரும்பும். அதாவது ஓடினால்தான் கட்டுப்பாடு. போர்க் காலத்தில் ஓடாமல் நிற்பது நீர்மூழ்கிக் கப்பலுக்கு விருந்து வைப்பது போல என்பது தனிக்கதை.

ஒரே ஒரு டிகிரி தவறினால்?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 12 நாட் வேகத்தில் கப்பல் ஒரு நொடிக்குச் சுமார் 6 மீட்டர் போகிறது. ஸ்டீயரிங் பிடிப்பவர் பக்கத்துக் கப்பலை நோக்கி 1 டிகிரி தவறிவிட்டால், ஒரு நிமிடத்தில் இடைவெளி ஆறரை மீட்டர் குறையும். 5 டிகிரி தவறினால் ஒரு நிமிடத்தில் 32 மீட்டர் காலி. 50 மீட்டர் இடைவெளி முழுவதும் ஒன்றரை நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

வேகத்திலும் அப்படித்தான். ஒரு கப்பல் மற்றதைவிட 1 நாட் கூடுதலாகப் போனால், ஒரு நிமிடத்தில் 31 மீட்டர் முன்னால் போய்விடும். நடுவில் கட்டியிருக்கும் வடமும் குழாயும் என்ன ஆகும்? இறுகிய இரும்பு வடம் அறுந்தால் சாட்டை மாதிரி சுழலும். தளத்தில் நிற்கும் மாலுமியின் உயிருக்கே ஆபத்து.

இதில் இன்னொரு சங்கடம், கப்பலுக்கு பிரேக் கிடையாது. இப்போது சுக்கானைத் திருப்பினால் கப்பல் திரும்பத் தொடங்க நேரம் பிடிக்கும். திரும்பத் தொடங்கிய பிறகு அதை நிறுத்தவும் நேரம் பிடிக்கும்.

தண்ணீரே இழுக்கும் மாயம்

ஜி.எஸ்.டி. சாலையில் பைக் ஓட்டியவர்களுக்குத் தெரியும். பெரிய பஸ் பக்கத்தில் உரசினாற்போல் போகும்போது நம் வண்டியை உள்ளே இழுப்பது போல ஒரு உணர்வு வரும். கடலில் அதே விஷயம் பல மடங்கு பலத்தோடு நடக்கிறது.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரண்டு தாள்களை எதிரெதிரே தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டு நடுவில் ஊதுங்கள். தாள்கள் விலகிப் போகும் என்றுதான் நினைப்போம். ஆனால் இரண்டும் ஒட்டிக்கொள்ள வரும். வேகமாகப் பாயும் இடத்தில் அழுத்தம் குறையும் என்பதுதான் காரணம். இரண்டு கப்பல்களுக்கு நடுவிலும் தண்ணீர் வேகமாகப் பாய்கிறது, அழுத்தம் குறைகிறது, கப்பல்கள் உள்பக்கம் இழுபடுகின்றன.

ஆனால் எல்லா இடத்திலும் இழுப்பதும் கிடையாது. கப்பலின் முகப்பிலும் பின்பகுதியிலும் அழுத்தம் அதிகம், நடுப்பகுதியில் குறைவு. பின்னாலிருந்து வரும் கப்பல் இந்த மேடு பள்ளங்களை ஒவ்வொன்றாகத் தாண்டித்தான் பக்கத்தில் சேர வேண்டும். ஓர் இடத்தில் தள்ளும், இன்னோர் இடத்தில் இழுக்கும். சேரும்போதும் பிரியும்போதும்தான் ஆபத்து அதிகம் என்று கடற்படைகள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இந்த இழுவை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1911 செப்டம்பர் 20 அன்று, டைட்டானிக்கின் அக்கா கப்பலான 'ஒலிம்பிக்', இங்கிலாந்தின் தென்கரை அருகே 'ஹாக்' என்ற போர்க்கப்பலுடன் மோதியது. பெரிய கப்பல் சிறிய கப்பலைத் தண்ணீர் வழியாக இழுத்துக்கொண்டதா என்பதுதான் வழக்கின் மையம். தீர்ப்பு ஒலிம்பிக்குக்கு எதிராகவே வந்தது.

இப்போது ஓட்டுவது யார்?

இந்த வேலைக்கு என்று கப்பலில் கைதேர்ந்த ஒருவரைத்தான் சுக்கான் பிடிக்க நிறுத்துவார்கள். பழந்தமிழில் மீகாமன் என்று சொல்வோமே, அந்த வேலை. அவருக்கு உத்தரவு கொடுக்கும் அதிகாரி கப்பலின் ஓரத்தில் நின்று இடைவெளியைப் பார்த்துக்கொண்டே இருப்பார். 'அரை டிகிரி வலது' என்ற அளவில்தான் உத்தரவே இருக்கும். வேகத்தைக் கூட்டிக் குறைப்பதும் எஞ்சின் சுழற்சியில் ஒன்றிரண்டு எண்ணிக்கையாகத்தான்.

ஆட்டோபைலட் என்ன ஆனது என்று கேட்கலாம். கப்பல்களில் அது 100 ஆண்டுகளாக இருக்கிறது. 1922-ல் நிக்கோலஸ் மினோர்ஸ்கி என்ற பொறியாளர், அமெரிக்கப் போர்க்கப்பல்களில் ஸ்டீயரிங் பிடிப்பவர்கள் எப்படி ஓட்டுகிறார்கள் என்று கவனித்து ஒரு கட்டுரை எழுதினார். நல்ல மாலுமி மூன்று விஷயங்களைப் பார்க்கிறார். இப்போது எவ்வளவு விலகி இருக்கிறோம், இதுவரை எவ்வளவு விலகி வந்திருக்கிறோம், விலகல் எவ்வளவு வேகமாக மாறுகிறது. இந்த மூன்றையும் கணக்காக மாற்றினார் மினோர்ஸ்கி. இன்று தொழிற்சாலை முதல் டிரோன் வரை தானியங்கிக் கட்டுப்பாட்டின் அடிப்படைச் சூத்திரமாக இருப்பது அதுதான். மனிதரைப் பார்த்துத்தான் இயந்திரம் கற்றுக்கொண்டது.

ஆனால் சாதாரண ஆட்டோபைலட்டுக்குத் தெரிந்தது திசை மட்டும். '90 டிகிரியில் போ' என்றால் போகும். பக்கத்தில் 50 மீட்டரில் இன்னொரு கப்பல் இருக்கிறது, அது நம்மை இழுக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

இந்த வேலையில் ஏற்கெனவே தானியங்கியாக நடக்கும் விஷயம் ஒன்று உண்டு. கப்பல்கள் ஆடும்போது இரும்பு வடம் தொய்ந்தும் இறுகியும் போகும் இல்லையா? அதைச் சரிசெய்யும் கருவி பல பத்தாண்டுகளாக மனிதக் கை படாமலேயே வேலை செய்கிறது. தொய்ந்தால் இழுத்துக்கொள்ளும், இறுகினால் விட்டுக்கொடுக்கும். மாலுமிகள் அதை நம்புகிறார்கள். ஆக, இயந்திரம் என்றாலே பயம் என்று சொல்ல முடியாது.

வானத்தில் முடிந்தது, கடலில் ஏன் முடியவில்லை?

வானத்தில் பறந்துகொண்டே எரிபொருள் கொடுப்பது தானியங்கியாகிவிட்டது. ஏர்பஸ் நிறுவனத்தின் ஏ330 எம்.ஆர்.டி.டி. டேங்கர் விமானத்துக்கு, பகல் நேரத்தில் தானாகவே குழாயை இணைத்து எரிபொருள் கொடுக்க 2022-ல் சான்றிதழ் கிடைத்தது. மணிக்குப் பல நூறு கிலோமீட்டர் வேகத்தில் அது முடிகிறதென்றால், 22 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கப்பலுக்கு என்ன கஷ்டம்?

முதல் காரணம் எடை. போர் விமானம் கட்டளை கொடுத்த நொடியிலேயே அசையும். பல ஆயிரம் டன் கப்பல் அப்படி அசையாது. இரண்டாவது, விமானம் சில நிமிடங்களில் நிரப்பிவிட்டு விலகிவிடும். கப்பல்கள் மணிக்கணக்கில், ஒன்றுக்கு மேற்பட்ட வடங்களால் பிணைக்கப்பட்டு ஓட வேண்டும். சிக்கல் வந்தால் உடனே பிரிந்துவிடவும் முடியாது.

மூன்றாவது காரணம் கொஞ்சம் நுட்பமானது. எண்ணெய்க் கிணறுகளுக்கு அருகே வேலை செய்யும் கப்பல்கள், கம்ப்யூட்டர் துணையோடு ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் தொழில்நுட்பம் 1960-களிலேயே வந்துவிட்டது. அந்தக் கப்பல்களில் பக்கவாட்டில் தள்ளும் தனி புரொப்பல்லர்கள் உண்டு. ஆனால் 12 நாட் வேகத்தில் ஓடும்போது முகப்பில் இருக்கும் அந்தப் பக்கவாட்டு புரொப்பல்லரின் பலம் பெரும்பகுதி போய்விடும். கையில் மிச்சம் இருப்பது சுக்கானும் பின்னால் உள்ள புரொப்பல்லரும் மட்டும்தான். அதாவது 1 மீட்டர் பக்கவாட்டில் நகர வேண்டுமென்றால்கூட மூக்கைக் கொஞ்சம் திருப்பி, மீண்டும் நேராக்கித்தான் நகர முடியும். நண்டு மாதிரி நேராகப் பக்கவாட்டில் போக முடியாது.

ஆய்வாளர்கள் கண்ட வழி

இதற்காக ஆய்வாளர்கள் பிடித்த யோசனை எளிமையானது. எரிபொருள் கொடுக்கும் கப்பலின் பக்கவாட்டில், 50 மீட்டர் தள்ளி, தண்ணீரில் ஒரு கற்பனைப் புள்ளி இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். முன்னால் போகும் கப்பல் நகர்ந்தால் அந்தப் புள்ளியும் நகரும். வாங்கும் கப்பலின் கம்ப்யூட்டருக்கு ஒரே வேலை: அந்தப் புள்ளியை விட்டு விலகாமல் இருப்பது.

நார்வேயின் டிரான்ட்ஹைம் நகரில் உள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-களில் இதை மாதிரிக் கப்பல்களை வைத்துத் தொட்டியில் சோதித்தார்கள். பக்கத்துக் கப்பலின் எடை என்ன, எஞ்சின் என்ன, அது அடுத்து என்ன செய்யப்போகிறது என்ற எந்தத் தகவலும் தேவையில்லை. அது எங்கே இருக்கிறது, எந்தத் திசையைப் பார்க்கிறது என்று தெரிந்தால் போதும். மீதியைக் கம்ப்யூட்டரே கணித்துக்கொள்ளும் என்பதுதான் அவர்களின் அணுகுமுறை.

இது ஏன் முக்கியம்? போர்க் காலத்தில் கப்பல்கள் ரேடியோவில் பேசுவதைத் தவிர்க்கும். பேசினால் எதிரிக்கு இடம் தெரிந்துவிடும். கொடியும், கப்பல்களுக்கு நடுவே இழுத்துக் கட்டும் டெலிபோன் கயிறும் இன்றும் உயிரோடு இருப்பதற்குக் காரணம் அதுதான். நொடிக்கு நொடி இரண்டு கப்பல் கம்ப்யூட்டர்களும் ரேடியோவில் பேசிக்கொண்டால்தான் வேலை நடக்கும் என்றால், அந்த முறை போரில் உதவாது. ஜி.பி.எஸ். சிக்னலைக் குழப்புவதும் இப்போது போர்ப் பகுதிகளில் சகஜம். எனவே கேமரா, லேசர் என்று தன் கண்ணாலேயே பக்கத்துக் கப்பலைப் பார்த்து அளக்கும் முறைதான் கைகொடுக்கும்.

சரி, இடைவெளியைப் பிடித்துக்கொண்டு ஓட இயந்திரத்தால் முடியும் என்றே வைத்துக்கொள்வோம். மூன்று மணி நேரம் ஆனாலும் அதற்குக் கை வலிக்காது, தூக்கம் வராது. பிறகும் என்ன தயக்கம்?

பிரச்சினை கைமாறும் இடத்தில்

தயக்கத்துக்குக் காரணம் புரிய வேண்டுமென்றால் சில விபத்துகளைப் பார்க்க வேண்டும்.

2012 மே 16. அமெரிக்கக் கடற்படையின் 'எசெக்ஸ்' கப்பல், எரிபொருள் வாங்குவதற்காக 'யூகான்' கப்பலை நெருங்கும்போது கலிபோர்னியாவுக்கு அப்பால் மோதியது. ஸ்டீயரிங் வேலை செய்யவில்லை என்பதுதான் முதலில் வந்த தகவல். சில வாரங்களில் கப்பலின் கேப்டன் பொறுப்பில் இருந்து நீக்கப்பட்டார். 2019 பிப்ரவரி 5. 'லெய்ட்டி கல்ஃப்' என்ற போர்க்கப்பலும் 'ராபர்ட் இ. பியரி' என்ற சரக்குக் கப்பலும் இதே வேலையின்போது பின்பகுதியில் உரசிக்கொண்டன. இரண்டிலும் யாருக்கும் காயம் இல்லை.

மனிதர் ஓட்டினாலும் விபத்து நடக்கத்தானே செய்கிறது, இயந்திரத்திடம் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் அடுத்த இரண்டு சம்பவங்களைப் பாருங்கள். இவை எரிபொருள் நிரப்பும்போது நடந்தவை அல்ல. கப்பலை யார் ஓட்டுகிறார் என்று கப்பலில் இருந்தவர்களுக்கே தெரியாமல் போனதால் நடந்தவை.

2017 ஆகஸ்ட் 21. சிங்கப்பூர் அருகே 'ஜான் எஸ். மெக்கெய்ன்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல். ஸ்டீயரிங், வேகம் இரண்டையும் ஒரே மாலுமி கவனித்துக்கொண்டிருந்தார். வேலையைப் பிரித்து, வேகக் கட்டுப்பாட்டை மட்டும் பக்கத்து மேசைக்கு மாற்றச் சொன்னார் கேப்டன். டச் ஸ்கிரீனில் மாற்றும்போது ஸ்டீயரிங்கும் சேர்ந்தே மாறிவிட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை. ஸ்டீயரிங் செத்துவிட்டது என்று நினைத்தார்கள். குழப்பத்தில் கப்பல் ஒரு எண்ணெய்க் கப்பலின் பாதையில் திரும்பியது. 10 மாலுமிகள் உயிரிழந்தார்கள். உண்மையில் ஸ்டீயரிங் நன்றாகத்தான் இருந்தது. வேறு மேசையில் இருந்தது, அவ்வளவுதான். இந்த விபத்துக்குப் பிறகு வேகத்தை டச் ஸ்கிரீனில் கட்டுப்படுத்துவதை விட்டுவிட்டு, கையால் தள்ளும் பழைய மாதிரி நெம்புகோலுக்கே திரும்ப அமெரிக்கக் கடற்படை முடிவு செய்தது.

2024 அக்டோபர் 5. நியூசிலாந்துக் கடற்படையின் 'மனவானுய்' ஆய்வுக் கப்பல் சமோவா தீவு அருகே பவளப்பாறையில் மோதி, தீப்பிடித்து, மறுநாள் மூழ்கியது. 75 பேரும் மீட்கப்பட்டார்கள். விசாரணையில் தெரிந்தது என்ன? கப்பல் ஆட்டோபைலட்டில் இருந்திருக்கிறது. அதை அணைக்காமலே திருப்பப் பார்த்திருக்கிறார்கள். கப்பல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இயந்திரக் கோளாறு என்று நினைத்துவிட்டார்கள். ஆட்டோபைலட் தனக்குக் கொடுத்த வேலையைச் சரியாகச் செய்துகொண்டே, கப்பலை நிலத்தை நோக்கிக் கொண்டுபோனது.

இரண்டிலும் இயந்திரம் கெட்டுப்போகவில்லை. இயந்திரத்துக்கும் மனிதருக்கும் நடுவே பொறுப்பு கைமாறிய இடத்தில்தான் ஓட்டை.

இப்போது அதை 50 மீட்டர் இடைவெளிக்குக் கொண்டு வாருங்கள். இரண்டு மணி நேரமாகக் கம்ப்யூட்டர் அழகாக ஓட்டிக்கொண்டிருக்கிறது. மாலுமி சும்மா நிற்கிறார். திடீரென்று சுக்கான் 5 டிகிரியில் சிக்கிக்கொள்கிறது. கணக்குப்படி ஒன்றரை நிமிடம். கப்பல் தொடர்ந்து திரும்பிக்கொண்டே போகும், உள்பக்க இழுவையும் சேரும் என்பதால் உண்மையில் அதைவிடக் குறைவு. அதற்குள் என்ன நடக்கிறது என்று மாலுமிக்குப் புரிய வேண்டும். ஓட்டுவது தானா கம்ப்யூட்டரா என்று தெரிய வேண்டும். கையில் எடுக்க வேண்டும். எதிர்க் கப்பலுக்குச் சொல்ல வேண்டும். குழாயையும் வடத்தையும் கழற்றிவிட வேண்டும். கையால் ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு முதல் இரண்டு கட்டமும் மிச்சம். சும்மா நின்றவருக்கு அது கிடையாது.

ஆளே இல்லாத கப்பல் வந்தால்?

இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடவும் முடியாது. மனிதர் ஏறவே மாட்டார்கள் என்ற எண்ணத்தில் வடிவமைக்கப்பட்ட 'டிஃபையன்ட்' என்ற 180 அடி நீளக் கப்பலை, அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான டார்பா கட்டியிருக்கிறது. வாங்கும் கப்பலில் ஆள் இல்லாமலே எரிபொருள் குழாயை இணைக்கும் முறையையும் இரண்டு ஆளில்லாக் கப்பல்களை வைத்துச் சோதித்திருக்கிறது. மாதக்கணக்கில் கடலில் இருக்க வேண்டிய கப்பலில், குழாயைப் பிடிக்கவே ஆள் இல்லை. அப்புறம் ஸ்டீயரிங் பிடிக்க யார் வருவார்?

அங்கே 'சிக்கல் வந்தால் மனிதர் பார்த்துக்கொள்வார்' என்ற வசதி கிடையாது. சிக்கல் வந்தால் எப்படிப் பிரிய வேண்டும் என்பதும் இயந்திரத்துக்கே தெரிந்திருக்க வேண்டும். சேர்ந்து ஓடக் கற்றுக்கொடுப்பதைவிட, பத்திரமாகப் பிரியக் கற்றுக்கொடுப்பதுதான் கடினமான பாடம்.

இந்தியாவுக்கு இதில் என்ன?

நிறைய இருக்கிறது. ஐ.என்.எஸ். தீபக், ஐ.என்.எஸ். சக்தி உள்ளிட்ட கப்பல்கள்தான் இப்போது நம் கடற்படைக்கு நடுக்கடலில் எரிபொருள் கொடுக்கின்றன. தீபக், சக்தி இரண்டும் இத்தாலியில் கட்டப்பட்டு 2011-ல் பணியில் சேர்ந்தவை. அமெரிக்காவுடன் 2016-ல் போட்ட ஒப்பந்தத்தின்படி, இரு நாட்டுக் கப்பல்களும் ஒன்றிடம் ஒன்று எரிபொருள் வாங்கிக்கொள்ளலாம். 2020 செப்டம்பரில் வடக்கு அரபிக் கடலில் ஐ.என்.எஸ். தல்வார் அப்படி எரிபொருள் வாங்கியது. கொடுத்த கப்பல் யூகான். 2012-ல் எசெக்ஸ் மோதிய அதே யூகான்தான்.

2023 ஆகஸ்டில், சுமார் 44,000 டன் எடை கொண்ட 5 புதிய கப்பல்களைக் கட்ட விசாகப்பட்டினத்தின் ஹிந்துஸ்தான் ஷிப்யார்டுடன் பாதுகாப்பு அமைச்சகம் ஒப்பந்தம் போட்டது. மதிப்பு சுமார் ரூ.19,000 கோடி. இவற்றில் 2 கப்பல்களின் கட்டுமானம் சென்னையை அடுத்த காட்டுப்பள்ளியில் உள்ள எல் அண்ட் டி தளத்துக்கு வந்திருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் 'சார்லஸ் ட்ரூ' என்ற சப்ளை கப்பல் 2022 ஆகஸ்டில் பழுதுபார்க்க வந்ததும் இதே காட்டுப்பள்ளிக்குத்தான்.

இந்தக் கப்பல்கள் ஒருமுறை கடலில் இறங்கினால் பல பத்தாண்டுகள் ஓடும். அவற்றின் பக்கத்தில் வந்து நிற்கும் கப்பல்கள் இன்றைய கப்பல்களாக இருக்காது. கம்ப்யூட்டர் துணையோடு ஓடுபவையும் வரலாம், ஆளே இல்லாதவையும் வரலாம். கொடுக்கும் கப்பல் நேர்கோட்டில் போனால் மட்டும் போதும் என்ற காலம் மாறும்.

அப்போ, கொடுக்கலாமா?

பாதி வேலையைக் கொடுக்கலாம். பக்கத்தில் சேர்ந்த பிறகு, கடல் அமைதியாக இருக்கும் அந்த நீண்ட மணி நேரங்களில் அரை டிகிரி, கால் டிகிரி என்று திருத்திக்கொண்டே இருப்பது இயந்திரத்துக்கு ஏற்ற வேலை. மாலுமியின் சோர்வும் குறையும்.

ஆனால் அதற்குச் சில நிபந்தனைகள் வேண்டும். கப்பலை இப்போது ஓட்டுவது யார் என்பது, அறையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். மாலுமி சக்கரத்தைத் தொட்டுத் திருப்பினால் அந்த நொடியே கட்டுப்பாடு அவர் கைக்கு வர வேண்டும், மெனுவுக்குள் போய்த் தேடும் நிலை இருக்கக் கூடாது. கம்ப்யூட்டருக்குச் சந்தேகம் வந்தால் இடைவெளி குறையும் வரை காத்திருக்காமல், அப்போதே பிரியச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாலுமிகள் கையால் ஓட்டும் பழக்கத்தை விட்டுவிடக் கூடாது. மாதத்தில் ஒருமுறைகூடக் கையால் ஓட்டாதவரிடம், ஒன்றரை நிமிடம் மிச்சம் இருக்கும்போது கப்பலைக் கொடுப்பதில் அர்த்தமில்லை.

ஓமன் அருகே பிக் ஹார்ன் தரைதட்டியபோது மோதல் இல்லை, குண்டு இல்லை. ஒரே ஒரு எண்ணெய்க் கப்பல் முடங்கியது. அதற்கே ஒரு பெரும் கடற்படை எரிபொருளுக்கு மாற்று வழி தேட வேண்டி வந்தது. எரிபொருள் நிரப்பும்போது இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டால், ஒரே நேரத்தில் போர்க்கப்பலும் போகும், பெட்ரோல் பங்கும் போகும். அந்த 50 மீட்டரைக் காக்கும் வேலையை மனிதர் செய்தாலும் இயந்திரம் செய்தாலும், எந்த நொடியிலும் அது யார் கையில் இருக்கிறது என்பதில் குழப்பம் வரக் கூடாது.